முகம் தெரியாதவர் தயவு

“சித்தி, ஐரோப்பாவுக்குத் தனியாப் போய்ட்டு வர எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுக்கொண்டே போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்தாள். கையில் கோடு போட்ட நோட்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறாள். “முதுகுல ஒரு பை. 24 நாள். யார் தயவும் இல்லாமச் சுத்தணும்” என்றாள்.

சில வருடங்களுக்கு முன்பு நானும் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். அவளுக்குக் கணக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அவள் போன பிறகும் ‘யார் தயவும் இல்லாமல்’ என்ற அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

முதலில் கணக்கு. ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 ஐரோப்பிய நாடுகளில் சுற்றலாம். 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்துக்கு வைத்துக்கொண்டால் மனநிம்மதி போய்விடும்.

அவள் பட்டியலில் பதினோரு ஊர்கள் இருந்தன. எட்டை அடித்தோம். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பாதிப் பகலையும் ஒரு டிக்கெட் காசையும் தின்றுவிடும். மிஞ்சியவை நான் அன்று சுற்றிய கிராக்கோ, வியன்னா, ரோம். வார்சாவில் இறங்கி ரோமில் விமானம் ஏறினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. கிராக்கோவிலிருந்து வியன்னாவுக்குப் பகல் பேருந்து. வியன்னாவில் மாலை இரவு ரயில் ஏறினால் மறுநாள் காலை ரோம். ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். மூன்றே ஊர் என்பதால் பல நாட்டு ரயில் பாஸ் தேவையில்லை. அந்த பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும் என்பதைப் பலர் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

நாள் ஒன்றுக்கு 60 யூரோ என்று வைத்தோம். படுக்கைக்கு 30, சாப்பாட்டுக்கு 15, ஊர் சுற்ற 15. ஒரு யூரோவை நூறு ரூபாயாகக் கொண்டால் 24 நாளுக்கு 1,44,000 ரூபாய். இதோடு விமானம், விசா, காப்பீடு, ஊர் விட்டு ஊர் போகும் செலவு எல்லாம் சேர்ந்து இரண்டரை லட்சத்தைத் தொடும். எங்கும் பகல் வெளிச்சத்தில் போய் இறங்கு, பெண்களுக்கான டார்மிட்டரியில் கட்டில் எடு, பெட்டகத்துக்கு உன் பூட்டையே கொண்டுபோ, ஆபத்து என்றால் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112, தினமும் ராத்திரி அம்மாவுக்கு ஒரு வரி எழுது. இவ்வளவும் நோட்டில் ஏறியது.

கூட்டிப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. இந்த 30 யூரோ, 15 யூரோ எல்லாம் நம் சாமர்த்தியத்தால் கிடைத்த விலை இல்லை. யாரோ, எப்போதோ, தனக்குத் தெரியாத ஒருவர் வருவார் என்று நினைத்துச் செய்து வைத்ததால் கிடைத்த விலை.

ஹாஸ்டல் கட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909 ஆகஸ்டில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை நடைப்பயணமாக அழைத்துப் போனார். வழியில் இடி மழை பிடித்துக்கொண்டது. விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரியைக் கழித்தார்கள். பிள்ளைகள் வைக்கோலில் தூங்க, அவர் விழித்திருந்து யோசித்தார்: விடுமுறைக் காலத்தில் பள்ளிகள் சும்மாதானே இருக்கின்றன, ஊருக்கு ஊர் நடந்து வரும் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடம் இருந்தால் என்ன? 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. அந்தக் கோட்டையில் இன்றும் பயணிகள் தங்குகிறார்கள். காசில்லாத பிள்ளையும் ஊர் பார்க்க வேண்டும் என்று ஒரு வாத்தியார் ஆசைப்பட்டார். உலகம் முழுக்க விரிந்திருக்கும் மலிவு விடுதிகளுக்கு அந்த ஆசைதான் அடித்தளம்.

வியன்னாவில் நான் தங்கிய ஹாஸ்டலின் சமையலறையில், கதவை ஒட்டி ஓர் அலமாரி. ‘யாரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போனவை உள்ளே இருந்தன: ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய அரைப் பாக்கெட் அரிசி, பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரம் சூரியகாந்தி எண்ணெய், உப்பு, காபித்தூள். அன்று பேருந்து தாமதமாகி, கடைகள் மூடிய பிறகுதான் வந்து சேர்ந்திருந்தேன். அந்த அரிசியை வடித்து, கையிலிருந்த ரசப்பொடியைக் கொதிக்கவிட்டு ஊற்றிச் சாப்பிட்டேன். அரிசியை வைத்துவிட்டுப் போனவர் எந்த நாடு, என்ன பேர், ஒன்றும் தெரியாது. ஆறாம் நாள் கிளம்பும்போது மீதி ரசப்பொடியை அதே அலமாரியில் வைத்தேன். ‘மிளகு சூப்புப் பொடி. ஒரு தக்காளி, ஒரு ஸ்பூன், கொதிக்கும் தண்ணீர்’ என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன்.

கிராக்கோவில் எனக்குச் சோறு போட்டது ‘பார் ம்லெச்னி’. பால் கடை என்று அர்த்தம். ஆனால் அது முழுச் சாப்பாட்டுக் கடை. அரசு மானியம் கொடுப்பதால் விலை குறைவு. முதியவர்களும் மாணவர்களும் தொழிலாளிகளும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பலகையில் எல்லாம் போலிஷ் மொழியில். முதலில் பணம் கட்டி, சீட்டு வாங்கி, அதை ஜன்னலில் நீட்ட வேண்டும். புரியாமல் நின்ற என்னை முன்னால் நின்ற ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார். இறைச்சி வேண்டாம் என்று கையால் காட்டினேன். அவரே ‘பியெரோகி’ சொன்னார். நம் கொழுக்கட்டை மாதிரி, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும். ஜன்னல் வரை கூடவே வந்து, மேலே தூவும் வறுத்த கொழுப்புத் துண்டுகளைப் போட வேண்டாம் என்று உள்ளே இருந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் தன் சூப்பை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட ஒரே சொல் ‘நன்றி’.

தண்ணீருக்குக் கூட ஒரு கதை இருக்கிறது. வியன்னாவில் குழாயைத் திறந்தால் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர். நகரத்தின் அழுக்குத் தண்ணீரால் மக்கள் நோயில் விழுந்துகொண்டிருந்த காலத்தில், எடுவார்ட் சூஸ் என்ற நிலவியலாளர் முன்னின்று போராடியதால், 1873இல் மலையிலிருந்து குழாய்வழி கொண்டுவந்தார்கள். ரோமில் 1874 முதல் தெரு முனைகளில் நிற்கும் இரும்புக் குழாய்களை ‘நசோனே’, பெரிய மூக்கு, என்று அழைக்கிறார்கள். அந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்பும், குனியாமல் குடிக்கலாம். அந்தப் பயணம் முழுவதும் ஒரு தண்ணீர் பாட்டில்கூட நான் வாங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக மனதில் நிற்பது ரோமின் சான் லூயிஜி தேவாலயம். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோ 1600 வாக்கில் வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள். நான் போனபோது இருட்டாக இருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி. காசு போட்டால் விளக்கு எரியும். யாரோ ஒருவர் காசு போட்டார். சட்டென்று வெளிச்சம் வந்தது. ஓவியத்தில் சுங்க மேசையில் காசு எண்ணிக்கொண்டிருந்தவர்கள் மேல் ஒளி விழுந்தது. நின்றிருந்த இருபது பேரும் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. இருட்டில் ஒரு நிமிட அமைதி. பிறகு வேறொருவர் பையைத் துழாவினார். மறுபடி வெளிச்சம். மூன்றாவது முறை நான் போட்டேன். ஒருவர் போடும் காசில் எல்லாரும் பார்க்கிறோம். அடுத்து யார் என்று யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் விளக்கு எரிகிறது.

தனியாகப் போனேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த பயணம் இப்படித்தான் நடந்தது. கூட யாரும் வரவில்லை என்பது உண்மை. யார் தயவும் இல்லை என்பது உண்மையில்லை. வீட்டில் இருக்கும்போது என்னைத் தாங்குகிறவர்கள் அம்மா, அக்கா, தோழி என்று முகம் தெரிந்தவர்கள். அங்கே தாங்கியவர்களுக்கு முகமில்லை. தனிமையில்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நாலு பேராகப் போயிருந்தால் அந்தப் பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். நானும் அவரைப் பார்த்திருக்க மாட்டேன்.

தயவு என்றால் திருப்பிச் செய்யும் கடமையும் உண்டு. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் முதல், நெரிசல் மிகுந்த நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. வருகிறவர் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் மூச்சுத் திணறுகிறார்கள். மலிவாகப் போகிற உரிமை நமக்கு இருக்கிறது; அந்த ஊருக்குப் பாரமாகிற உரிமை இல்லை. பொதுச் சமையலறையைத் துடைத்து வைப்பது, மற்றவர் தூங்கும் அறையில் விளக்கைப் போடாமல் இருப்பது, குடியிருப்புத் தெருவில் குரலைத் தணிப்பது, அந்த ஊர்ப் பாஷையில் நன்றி சொல்லப் படித்துக்கொள்வது எல்லாம் நாம் கட்ட வேண்டிய வாடகைதான்.

பெரிய கடன் ஊர் திரும்பிய பிறகு இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு நான் எதையும் திருப்பித் தர முடியாது. அரிசி வைத்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அந்தக் கடனை வேறு யாருக்காவதுதான் கட்ட வேண்டும். வழிப்போக்கர் படுக்கத் திண்ணை வைத்து வீடு கட்டியவர்கள் நம்முடைய முன்னோர். இன்று திண்ணை இல்லை. ஆனால் மொழி தெரியாமல் பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை, பிழைக்க வந்தவர்கள். ஒரு பலகையைப் படித்துச் சொல்ல, ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை பேச, இறங்கும் இடம் வரை கூட நிற்க, நமக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அடுத்த ஞாயிறு அவள் வரும்போது நோட்டிலிருந்து ‘யார் தயவும் இல்லாமல்’ என்ற வரியை அடிக்கச் சொல்லப் போகிறேன். கூடவே பையில் கால் கிலோ ரசப்பொடி. பாதி அவளுக்கு, பாதி அலமாரிக்கு.