எடைக்குப் போடாத சைக்கிள்

பழைய இரும்புக் கடையில் சைக்கிளை எடை போட்டுத்தான் எடுப்பார்கள். 28 அங்குலச் சக்கரம் வைத்த அந்தக் காலத்து வண்டி தராசில் 20 கிலோவுக்குக் குறையாமல் நிற்கும். ஓடுகிற வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் அங்கே ஒரே விலை. திருவண்ணாமலை அவலூர்பேட்டை சாலைப் பக்கம் அப்படி ஒரு கடையில் சாத்தி வைத்திருந்த ஹெர்குலிஸ் ஒன்றை, இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கினேன். கையில் காசு இல்லாத காலம். வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும், புதிது வாங்க வழியில்லை. அந்த வண்டியை ஓடவைத்து, இன்றுவரை ஓட்டிக்கொண்டும் இருப்பதில் சிக்கனத்தைப் பற்றி எனக்குச் சில எண்ணங்கள் உறுதிப்பட்டிருக்கின்றன.

காசு குறைவாக இருந்தால் அது முதலில் எங்கே போக வேண்டும்? பழைய வண்டியைப் பார்க்கும் எவருக்கும் கண் பெயின்டின் மேலும் துருவேறிய மட்கார்டின் மேலும்தான் விழும். எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெயின்ட் இருக்கட்டும் தம்பி. காசை டயர்ல போடுங்க, பிரேக் கட்டையில போடுங்க. மட்கார்டு இன்னும் ரெண்டு மழை தாங்கும்.” வேலை கிடைத்தால் கூலி அவருக்குத்தான். ஆனாலும் வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொன்னார். நிறுத்துவது, தாங்குவது, உருளுவது, அதற்கப்புறம்தான் மினுக்குவது. இந்த வரிசை எனக்குப் பிற செலவுகளிலும் கைகொடுத்திருக்கிறது.

காட்டர் பின் என்று ஒன்று உண்டு. பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது, ஒரு பக்கம் சாய்வாகச் சீவிய அந்தச் சின்ன இரும்பு ஆணிதான். அது தேய்ந்தால் மிதிக்கு மிதி காலுக்கடியில் ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்கும். சத்தம்தானே என்று ஓட்டிக்கொண்டே போனால் கிராங்கின் துளை அகன்றுவிடும், அச்சில் உள்ள வெட்டும் மழுங்கிவிடும். பிறகு புது ஆணி போட்டாலும் பிடிக்காது, கிராங்கையும் அச்சையும் சேர்த்து மாற்ற வேண்டும். டீக்காசில் முடிந்திருக்க வேண்டியது ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். செயினும் இப்படித்தான். புதுச் செயினில் 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். ஸ்கேல் வைத்துப் பார்க்கையில் 1/8 அங்குலம் கூடியிருந்தால், அது பல்சக்கரத்தின் பற்களைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்று ஒரு செயின் வாங்கினால் போகும். விட்டால் நாளைக்குச் செயின், ஃப்ரீவீல், முன் பல்சக்கரம் மூன்றும் சேர்ந்து கேட்கும். தள்ளிப்போட்ட பழுது கந்துவட்டிபோல ஏறும்.

இது ஏழைகளுக்குத் தெரியாதது அல்ல. எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் கைக்குக் காசு துண்டு துண்டாக வருகிறது. மொத்தமாக வந்தால் மொத்தமாகப் பழுது பார்க்கலாம். துண்டாக வருகிற காசுக்குத் துண்டாகவே பொருளும் கிடைக்க வேண்டும். பழைய சைக்கிளின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு காட்டர் பின் கேட்டால் கொடுக்கிறார்கள். வால்வ் டியூபை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுக்கிறார்கள். பால்ஸை எண்ணிப் போடுகிறார்கள். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 என்று 72 போக்ஸ் கம்பிகளில் ஒன்று முறிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றி, ரிம் பெண்டு எடுத்துத் தருகிறார்கள். வேறு எந்த வண்டியும் இவ்வளவு சின்னச் சின்னத் தவணையில் தன்னைச் சரிசெய்துகொள்ள விடுவதில்லை.

இது தானாக அமைந்துவிடவில்லை. 1949-இல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரித்தது. 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ. போட்டி கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் செய்தது ஏறக்குறைய ஒரே பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டரைத்தான். டயர் 28 பெருக்கல் 1½, செயின் அரை அங்குலக் கண்ணி, போக்ஸ் கம்பி, காட்டர் பின், பெடல் என்று பெரும்பாலான அளவுகள் ஒத்துப்போயின. அதனால் என் ஹெர்குலிஸில் இப்போது ஹீரோவின் பெடலும், பெயரே இல்லாத லூதியானா ஃப்ரீவீலும் பிணக்கில்லாமல் ஓடுகின்றன. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினம். அன்றைக்குத்தான் டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில் இருந்த அட்லஸின் தொழிற்சாலை மூடப்பட்டது. செய்தி படித்தபோது வேலை இழந்த தொழிலாளர்களை நினைத்து மனம் கனத்தது. ஆனால் எங்கள் தெருவில் கீரைக் கட்டு ஏற்றிவரும் அட்லஸ் அடுத்த நாளும் வந்தது. தயாரித்த ஆலை மூடினாலும் பொருள் சாகாமல் இருந்ததற்குக் காரணம், அதன் அளவுகள் யாருக்கும் தனிச்சொத்தாக இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததுதான். ரமணாசிரமம் பக்கம் நல்ல விலையுயர்ந்த சைக்கிள்களையும் பார்க்கிறேன். அழகான வண்டிகள், மேட்டில் சுகமாக ஏறும். ஆனால் அவற்றின் பின் கியரில் ஒரு சின்னத் துண்டு உடைந்தால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், அதுவும் அதே கம்பெனியின் அதே மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

எஃகைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு எல்லைக்குள் அடங்கிய அழுத்தத்தை லட்சக்கணக்கான முறை ஏற்றினாலும் எஃகு தாங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சிறு அழுத்தமும் எண்ணிக்கை ஏற ஏற அதைச் சோர்வடையச் செய்யும். எஃகு பிரேமில் விரிசல் விட்டால் செங்கம் சாலையிலோ போளூர் சாலையிலோ ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறையில், பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். எஃகுக்கு உண்மையான எதிரி தண்ணீர்தான். சீட்டுக் குழாய் வழியாக இறங்குகிற மழை, பெடல் அச்சில் போய்த் தேங்கும். அதனால் ஆயுத பூஜைக்கு முன்பே வண்டியை ஓவராயிலுக்குப் பிரித்துவிடுவேன். மண்ணெண்ணெயில் கழுவி, பால்ஸ் முழுவதையும் புதிதாகப் போட்டு, புது கிரீஸ் அடைத்து, கோனை அதிகம் இறுக்காமல் அதிகம் தளர்த்தாமல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு நிறுத்தினால், அடுத்து வரும் ஐப்பசி கார்த்திகை மழைக்கு வண்டி தயார். நம் முன்னோர் கருவிக்குப் படைக்கிற நாளை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வைத்தது எதற்காக என்று நான் வாதிட வரவில்லை. எனக்கு அது மிகப் பொருத்தமாக இருக்கிறது. மழையில் கம்பி பிரேக் மட்டும் கைவிட்டுவிடும். நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். அதற்கு மருந்து மெதுவாகப் போவதுதான்.

வண்டியை நமக்கேற்ப மாற்றிக்கொள்வது அடுத்த கட்டம். 48 பல் முன்சக்கரமும் 18 பல் ஃப்ரீவீலும் இருந்தால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 6 மீட்டர் போகும். இளம் முழங்காலுக்குச் சரி, எதிர்காற்றில் என் முழங்காலுக்குச் சரியில்லை. சுமை வண்டிகளுக்குப் போடும் 22 பல் ஃப்ரீவீலை மாட்டி, செயினில் கண்ணி சேர்த்தோம். இப்போது ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேகம் போயிற்று, வலி போயிற்று. டயரில் உரசிக் காலை இழுத்துக்கொண்டிருந்த டைனமோவைக் கழற்றிவிட்டு பேட்டரி விளக்கு வைத்தேன். என் மாற்றங்கள் இவ்வளவுதான்.

மேதைகள் தெருவில் இருக்கிறார்கள். சாணை பிடிப்பவரின் சைக்கிளைப் பாருங்கள். ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, அதே சீட்டில் உட்கார்ந்து, அதே பெடலை மிதித்துச் சாணைக்கல்லைச் சுழற்றுகிறார். வந்த வண்டியே பட்டறையாகிவிடுகிறது. பால்காரர் இரண்டு பக்கமும் கொக்கி வைத்து, கேரியரைத் தடித்த கம்பியில் கட்டிக்கொள்கிறார். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றிவருகிறவர்களுக்குச் சுக்குக் காபி கிடைப்பது ஓரமாக நிறுத்தியிருக்கும் சைக்கிள் கேரியரில் இருந்துதான். இவர்களில் யாரும் வரைபடம் போட்டதில்லை. தேவை சொன்னது, வெல்டர் செய்தார். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். பெண்களில் சிலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம், குழந்தையை அந்தப் பாரில் உட்காரவைக்கலாம் என்று. யாருக்காகவோ செய்த பொருளில் தங்களுக்கான இடத்தை அந்தப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். இருப்பதை வைத்து வாழ்வது என்பது இருப்பதற்குப் பணிந்து கிடப்பது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். என் சைக்கிள் மலிவாக ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். மலிவு சைக்கிளில் இல்லை. அது தெருமுனையில் இருக்கிறது. தண்ணிச் சட்டியும் சொலுஷனும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதால்தான் இருபது கிலோ இரும்பு வண்டியாக இருக்கிறது. அவர் எழுந்து போய்விட்டால் மறுபடியும் அது எடைக்குப் போகிற இரும்பு. அப்படி எழுந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடகை சைக்கிள் போனதோடு ஒரு பங்கு வருமானம் போயிற்று. மொபெட்டும் பைக்கும் வந்ததில் இன்னொரு பங்கு. மகன்களில் சிலர் பைக் மெக்கானிக் ஆனார்கள், பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவரிடம் நாம் போய், பஞ்சருக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றால் அது சிக்கனம் ஆகாது. நம் வண்டியை ஓடவைக்கும் கையையே நாம் பட்டினி போடுகிறோம். பொருளில் மிச்சம் பிடிக்கலாம், கூலியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று விலையில்லா சைக்கிள் திட்டம் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. பேருந்து எட்டாத கிராமத்துப் பெண்ணைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததில் அதன் பங்கு பெரியது, அதை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் தண்டராம்பட்டு, வேட்டவலம் சாலைக் கிராமங்களில் திண்ணையோரம் காற்றிறங்கி, செயின் துருவேறி நிற்கும் அந்த வண்டிகளையும் பார்க்கிறேன். பலவற்றுக்குத் தேவை ஒரு பஞ்சர் ஒட்டு, ஒரு வால்வ் டியூப், கொஞ்சம் எண்ணெய். பிளஸ் 1 வகுப்பில் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கி, ஊர் சைக்கிள் கடைக்காரரையே அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் சொல்லிக்கொடுத்தால் என்ன? பிள்ளைகளுக்கு வண்டி நிலைக்கும், கடைக்காரருக்கு ஆசிரியர் என்ற மரியாதையும் கிடைக்கும். பள்ளித் தலைமையாசிரியர்கள் இதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய சைக்கிள் இருந்தால், இரும்புக் கடைக்காரர் குரல் கொடுக்கும்போது எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போங்கள். பிரேக் கட்டை, டயர், காட்டர் பின், செயின் என்ற வரிசையில், கையில் இருக்கிற காசுக்கு முடிந்ததை மட்டும் செய்யச் சொல்லுங்கள். மிச்சத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அவர் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.