மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி, விடியற்காலை. நேற்று வரை பொழுது சாய்ந்தால் டாஸ்மாக் வாசலில் நின்ற மனிதர் குளத்தில் முங்கி எழுந்து, குருசாமி கையால் துளசி மாலை போட்டுக்கொள்கிறார். அன்றோடு பாட்டில் இல்லை, பீடி இல்லை, கறி இல்லை, காலில் செருப்பு இல்லை, வாயில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. மருத்துவர் மிரட்டியும் நிற்காதது, மனைவி அழுதும் நிற்காதது, 41 நாள் நின்றுபோகிறது.

உங்கள் தெருவில் இவரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நீங்களேகூட அவராக இருக்கலாம்.

ஆகையால் இனி யாரும் என்னிடம் வந்து "எனக்கு மன உறுதியே கிடையாது சார்" என்று மூக்கைச் சிந்தாதீர்கள். இருக்கிறது! மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டீர்களே, அப்போது இருந்தது. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தீர்களே, அப்போதும் இருந்தது. பிறகு எங்கே போயிற்று? பொங்கல் முடிந்த மறுவாரம் அதே மனிதர் அதே வாசலில் நிற்கிறாரே, ஏன்?

பக்திதான் தாங்கியது என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்தியைச் சுற்றி எவ்வளவு ஏற்பாடு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மாலை விழுந்த நிமிடமே ஊர் அவர் பெயரை மாற்றிவிட்டது. பெற்ற தாய்கூட "சாமி, சாப்பிட வாங்க" என்கிறாள். டீக்கடைக்காரர் தனி டம்ளரைத் தேடி எடுக்கிறார். கூடக் குடித்த கூட்டாளியே, "சாமி, நீங்க இந்தப் பக்கம் நிக்கக் கூடாது" என்று கையெடுத்துக் கும்பிட்டு விலகிப் போகிறான். ஒருநாள் பஜனைக்கு வராவிட்டால் "சாமிக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு பையன் வந்து கதவைத் தட்டுகிறான். இதில் இன்னொரு நுட்பம்: குருசாமி அவரிடம் "நீ நல்லவனாக மாறு" என்று சொல்லவே இல்லை. காலையில் குளி, மாலையில் குளி, சரணம் சொல், தரையில் படு. அவ்வளவுதான். எல்லாமே அன்றன்றைக்குச் செய்து முடிக்கக்கூடிய சின்ன வேலைகள். அந்தச் சின்ன வேலைகளின் எடையில்தான் பெரிய பேய் நசுங்கிக் கிடந்தது.

பிறகு சபரிமலைக்குப் போய் வந்தாயிற்று. மாலை பூஜை அறை ஆணிக்குப் போயிற்று. சாமி என்று கூப்பிட ஆளில்லை, கதவைத் தட்டப் பையன் இல்லை. "என்ன மாப்ள, முடிஞ்சுதா? வா" என்று கூப்பிட மட்டும் ஆள் இருக்கிறது. வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: தளம் போட்டுவிட்டு, கான்கிரீட் இறுகுவதற்கு முன்னாலேயே சென்ட்ரிங்கைப் பிரித்தால் என்ன ஆகும்? தளம் இறங்கினால் சிமெண்ட்டைத் திட்டுவோமா, பிரித்தவரைத் திட்டுவோமா? நாம் மட்டும் எப்போதும் சிமெண்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்."

போதும் இந்தப் பாட்டு.

மேடைக்கு மேடை ஒரு கணக்குச் சொல்வார்கள், 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து கிளம்பிய கணக்கு அது. முக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது! லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் 15 நிமிட ஓட்டம் என்று எளிய பழக்கங்கள்தான். அவை தன்னால் நடக்கும் நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு நீண்டது. ஒரு பழத்துக்கே இந்தப் பாடு என்றால், இருபது வருடக் குடிக்கும் ஆயுள் முழுக்க வளர்த்த சோம்பலுக்கும் 41 நாளில் சென்ட்ரிங்கைப் பிரிக்கலாமா?

அதே ஆய்வில் மறைந்திருக்கும் ஒரு ஆறுதலையும் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. தவறிய நாள் நம்மைக் கொல்வதில்லை. தவறிய மறுநாள், "எல்லாம் போச்சு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோமே, கொல்வது அதுதான்.

சரி, கழற்ற வேண்டிய தேதியே இல்லாத ஒரு மாலை உண்டா? உண்டு. அது 1935-இல் அமெரிக்காவில், டயர் தொழிலுக்குப் பேர்போன அக்ரன் என்ற ஊரில் கோக்கப்பட்டது.

மே மாதத்து ஒரு சனிக்கிழமை. மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் என்பவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். குடியில் பேரும் பிழைப்பும் போய், குடியை நிறுத்தி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நம்பி வந்த வியாபாரம் படுத்துவிட்டது. கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கூடம், உள்ளே சிரிப்புச் சத்தம். மறு கோடியில் தொலைபேசி, பக்கத்தில் ஊர்த் தேவாலயங்களின் பட்டியல். தெரிந்தவர் யாருமில்லாத ஊர். ஒரு கிளாஸ் குடித்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

அவர் தொலைபேசிப் பக்கம் போனார். போனவர் "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்கவில்லை. "இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கிறவர் யாராவது உண்டா? நான் அவரிடம் பேச வேண்டும்" என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம் இது. தான் மூழ்காமல் இருக்க, மூழ்கிக்கொண்டிருக்கும் இன்னொருவனைத் தேடிய மனிதன்!

மறுநாள் மாலை 5 மணிக்குப் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் அவரைச் சந்தித்தார். அவரும் குடியில் கரைந்துகொண்டிருந்தவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், எழுந்தபோது இரவு 11 தாண்டியிருந்தது. அறிவுரையை அவர் ஆயுள் முழுக்கக் கேட்டாயிற்று. அதே குழிக்குள் தானும் கிடந்து ஏறி வந்தவன் தன் கதையைச் சொல்லி அப்போதுதான் கேட்டார். அதற்குப் பிறகும் ஒருமுறை சறுக்கினார். யாரும் அவரைத் துரத்தவில்லை. ஜூன் 10-ஆம் தேதி, ஆபரேஷனுக்குப் போகுமுன் கை நடுக்கம் நிற்க ஒரு பீர் குடித்தார். அதுவே கடைசி. 1950-இல் இறக்கும்வரை தொடவில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று உலகெங்கும் பரவிய அமைப்பு அந்த ஜூன் 10-ஐத்தான் தன் பிறந்தநாளாகக் கணக்கிடுகிறது. (அந்த நடுக்கத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கை நடுங்கும் அளவுக்குக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவர், பிறகு மற்றதெல்லாம்.)

நம் ஊர்களிலும் தமிழிலேயே அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொருவரும் எழுந்து பேசுகிறார்கள். அங்கே "இனி வாழ்நாளில் தொடமாட்டேன்" என்ற வீர சபதத்துக்கு மதிப்பில்லை. இன்றைக்குக் குடிக்க மாட்டேன். இந்த 24 மணி நேரம். நாளைக்கு? நாளை வரட்டும், அப்போதும் அது "இன்று"தானே! 41-ஆவது நாள் என்று ஒன்று இல்லாத விரதம் அது. பத்து வருடம் குடிக்காதவரும் நேற்று வந்தவரும் ஒரே வரிசை நாற்காலியில், ஒரே ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விடுவதற்குத்தான் கூட்டம் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தொடங்கவும் வேண்டும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். கல் உடைக்கிற பெண்கள், வயலில் கூலிக்குப் போகிற பெண்கள். ஒருத்தி தனியாகப் புழுதியில் விழுந்திருந்தால் தெரு சிரித்திருக்கும். அவளும் மறுநாள் சைக்கிளைத் தொட்டிருக்க மாட்டாள். கூட்டமாக விழுந்தார்கள், கூட்டமாக எழுந்தார்கள். சிரிக்க வந்தவனுக்கு எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பது என்றே தெரியவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்க அது இன்னும் வசதியாகப் போயிற்று. ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த வாழ்க்கை ஒன்று அந்த மாவட்டத்தில் முடிவுக்கு வந்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் தன்னம்பிக்கைப் புத்தகம் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? என் போன்றவர்களின் பிழைப்புக்கு இது நல்ல செய்தியில்லைதான்.

நானும் ஜனவரி ஒன்றாம் தேதி புது டைரி வாங்குகிற சாதிதான். ஒருமுறை போகியன்று பழைய காகிதங்களை எடுத்துப் போட்டபோது அந்த வருடத்து டைரியும் சேர்ந்து போயிற்று. எழுதியிருந்த பக்கங்கள் ஒன்பது. என் சபதம் ஒன்றுக்கும் சாட்சியே கிடையாது. அதனால் எரித்தபோது கேட்கவும் ஆளில்லை. பிறகு மூன்று பேர் சேர்ந்தோம். ஒரு நண்பருக்குச் சர்க்கரை, நடக்க வேண்டும். இன்னொருவர் புகையிலையை விட வேண்டும். நான் தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் மற்ற இருவரையும் அழைத்து ஒரே கேள்வி கேட்பார். வாட்ஸ்அப்பில் கட்டை விரல் காட்டுவது செல்லாது, குரல் வேண்டும். பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்களும் இப்படித் தொடங்குவதானால், முதலில் செய்கிற வேலையைக் கேவலமான அளவுக்குச் சிறிதாக்குங்கள். காய்ச்சல் அடிக்கும் நாளிலும், கரண்ட் போன நாளிலும், சம்பளம் வராத நாளிலும் செய்ய முடிகிற அளவு. அரை மணி நடக்க முடியாதா? செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய் வாருங்கள். பத்துப் பக்கம் படிக்க முடியாதா? பத்து வரி. சேமிக்கப் பணமில்லையா? உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்ட பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு பிடி எத்தனை சிறியது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். உங்களைப் புகழ்கிறவர் வேண்டாம், திட்டுகிறவரும் வேண்டாம். தானும் ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவரைத் தேடுங்கள். நேற்று விழுந்தேன் என்று நீங்கள் சொன்னால் "சரி, இன்னிக்கு?" என்று மட்டும் கேட்கத் தெரிந்தவரை. அப்படி ஒருவர் உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிறார். அவரும் இதே போல ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கக்கூடும், கேட்க வெட்கம்.

எங்கள் மூவரில் புகையிலைக்காரர் பதினேழாம் நாள் சறுக்கினார். அன்று கேட்க வேண்டிய முறை என்னுடையது. "செஞ்சீங்களா?" என்றேன். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "இல்ல. மதியம் வாயில போட்டுட்டேன்" என்றார்.

"சரி, ராத்திரிக்கு?"

"ராத்திரி வேணாம்."

"நாளைக்கு ஒம்போதுக்கு நீங்கதான் எனக்குப் போன் பண்ணணும், ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றார்.