படியேறு, பெல்லை அழுத்து!

மேல் வீட்டில் நாற்காலி இழுபடுகிறது. உன் பல் கூசுகிறது.

மணி இரவு பதினொன்றரை. யாரோ கிரைண்டர் போடுகிறார்கள். நீ விட்டத்தைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கிறாய். இன்னும் எத்தனை இரவுக்கு இப்படி?

"எனக்குச் சத்தம்னாலே ஆகாது. நான் என்ன பண்ண முடியும்?" என்கிறாய்.

காது கூர்மையாக இருப்பது குற்றமா? இல்லவே இல்லை! சில ஒலிகளைக் கேட்டாலே கோபமும் பதற்றமும் பொங்கும் நிலைக்கு மிசோஃபோனியா என்று 2001-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். உனக்குப் பைத்தியமும் இல்லை, திமிரும் இல்லை.

ஆனால், அந்தக் காதையே சாக்காக்காதே!

"அமைதியான வீடு கிடைக்கட்டும், அப்புறம் படிக்கிறேன்." "மேல் வீட்டுக்காரர் காலி பண்ணட்டும், அப்புறம் பரீட்சை எழுதுகிறேன்." எத்தனை அப்புறம்!

அந்த அமைதியான வீடு எங்கே இருக்கிறது? தனி வீட்டுக்குப் போனால் தெருநாய் குரைக்கும். கிராமத்துக்குப் போனால் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுவார்கள். எங்கே ஓடுவாய்?

ஓடிப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். தாமஸ் கார்லைல், லண்டன் செல்சியில் வாழ்ந்த எழுத்தாளர். பக்கத்து வீட்டுச் சேவல் கூவினாலே அவருக்கு எழுத்து நின்றுவிடும்.

1853-இல் அவர் என்ன செய்தார் தெரியுமா? சத்தமே நுழையாத அறை வேண்டுமென்று மொட்டை மாடியில் ஓர் அறையைக் கட்டினார். பணத்தைக் கொட்டினார்.

சத்தம் நின்றதா? இல்லை! தெருச் சத்தம் குறைந்தது. ஆனால், அதுவரை காதில் விழாத தூரத்துச் சத்தமெல்லாம் கூரை வழியாக உள்ளே வந்தது!

அப்படியானால் சேவலை நிறுத்தியது யார்? அவர் மனைவி ஜேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசி முடித்தார். சேவல்கள் போயின. செங்கல்லால் முடியாததை வாய் முடித்தது!

கார்லைல் பேனாவை மூடி வைத்தாரா? அதுவும் இல்லை. தோற்றுப்போன அந்த அறையிலேயே உட்கார்ந்து பிரஷ்ய மன்னர் மகா பிரெடரிக்கின் வரலாற்றை எழுதினார். ஆறு தொகுதிகள்! 1865-இல் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இப்போது சொல். உனக்குச் சத்தம் மட்டும்தானா எதிரி? இல்லை, மேல் வீட்டு பெல்லை அழுத்தப் பயப்படுகிறாயே, அந்தப் பயமா?

"சண்டை வந்துவிட்டால்? தப்பாக நினைத்துவிட்டால்?" நினைக்கட்டுமே! நீ வாயைத் திறக்காமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? தன் வீட்டுத் தரை உன் வீட்டுக் கூரை என்பதை யார்தான் நினைத்துப் பார்க்கிறார்கள்?

கொதித்துப் போய் நடு ராத்திரியில் கதவைத் தட்டாதே. மறுநாள் சாயங்காலம் போ. சிரித்த முகத்தோடு போ.

"அக்கா, நான் கீழ் வீடு. எனக்குச் சத்தம் கொஞ்சம் ஒத்துக்காது. பத்து மணிக்கு மேல கிரைண்டர் போடாம இருந்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்." இவ்வளவுதான்! இதைச் சொல்லவா இத்தனை நாள்?

வெறுங்கையோடு போகாதே. நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் புஷ் நாலைந்து செட் ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொண்டு போ. கிரைண்டருக்கு அடியில் போட ஒரு கனமான ரப்பர் விரிப்பு. உன் காசு, உன் தூக்கம்!

முதல் முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்களா? இரண்டாம் முறை போ. அதுவும் பலிக்கவில்லையா? அசோசியேஷனில் எழுதிக் கொடு.

அதற்கும் அசையவில்லையா? ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை அந்த இரவுக் கணக்கு. நடு ராத்திரியில் ஸ்பீக்கர் அலறினால் 112-ஐ அழை. கூனிக் குறுகாதே. நீ பிச்சை கேட்கவில்லை!

அப்புறம், உன் பங்கு. அதைச் செய்தாயா?

ஃபோம் இயர்பிளக்கை அப்படியே திணித்துவிட்டு "பயனில்லை" என்றாயே! விரலால் மெலிதாக உருட்டு. மறு கையால் காது மடலை மேலே இழு. உள்ளே வை, அது விரியும்வரை பிடித்துக்கொள். இப்போது கேட்டுப் பார்!

ஆனால், நாள் முழுக்கக் காதை அடைக்காதே. அடைக்க அடைக்கக் காதின் கூச்சம் கூடும். தூங்கும்போது போடு, பகலில் எடு. மின்விசிறி இரைச்சலே சின்னச் சத்தங்களை விழுங்கிவிடும். அப்படியும் நெஞ்சு படபடத்தால் காது மருத்துவரைப் பார். அது தோல்வி இல்லை, துணிச்சல்!

சத்தத்தின் நடுவே புத்தகத்தைத் திற. பத்து நிமிடத்தில் கவனம் சிதறும். சிதறட்டும்! திரும்ப இழுத்து வா. நாளைக்கும் சிதறும். நாளைக்கும் இழு. அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காவல் காக்கும் காதை அந்த வேலையிலிருந்து விடுவி!

ஊர் அடங்கினால்தான் ஜெயிப்பேன் என்றவர் யாரும் ஜெயித்ததில்லை. நீ மட்டும் ஏன் காத்திருக்கிறாய்?

மேல் வீட்டுக்காரர் ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்துவிடுவார். செருப்பை மாட்டு. படியேறு!