விஸாவும் ஓர் உடன்படிக்கையே!

 

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நம் ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஸவூதி அரேபியாவுக்குப் புறப்படுகின்றன. ரியாத்திலோ, ஜித்தாவிலோ, தம்மாமிலோ வேலை பார்க்கும் மகனைக் காணப் பெற்றோரும், கணவரோடு சில காலம் இருந்து வர மனைவி மக்களும் விஸிட் விஸாவில் செல்கின்றனர். உறவைப் பேணும் நல்ல சபர் இது. ஆனால் பிற நாட்டில் விருந்தாளியாக நுழைபவர் எப்படி நடக்க வேண்டும்? இதற்கும் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுடைய வாழ்வில் நமக்கு முன்மாதிரி உண்டு.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்களுடன் இஹ்ராம் உடுத்தி உம்ராவுக்கு வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். இந்த ஆண்டு திரும்பிப் போக வேண்டும். மறு ஆண்டு வந்தால் மூன்று நாட்களே தங்கலாம். வாள் உறையிலேயே இருக்க வேண்டும் என்று குறைஷியர் நிபந்தனை விதித்தனர். மனம் குமுறிய ஸஹாபாக்களும் இருந்தனர். எனினும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

மறு ஆண்டு வந்து மூன்று நாட்கள் கழிந்தன. "கெடு முடிந்தது, வெளியேறுங்கள்" என்றனர் குறைஷியர். அன்னை மைமூனா (ரலி) அவர்களை மணம் பேசியிருந்த நேரம் அது. விருந்து வைத்துவிட்டுச் செல்கிறோம் என்று கேட்டும் அவர்கள் இணங்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு வெளியேறி ஸரிஃப் என்னும் இடத்தில் போய்த் தங்கினார்கள். பிறந்த ஊர், கண்ணெதிரே கஅபா, எதிரில் நிற்பவரோ பகைவர். ஆயினும் கொடுத்த வாக்கு ஒரு நாள்கூட மீறப்படவில்லை.

விஸாவும் அத்தகைய உடன்படிக்கைதான். அதன் நிபந்தனைகளை ஏற்றே நாம் ஒரு நாட்டினுள் நுழைகிறோம். அன்று விதிக்கப்பட்ட மூன்று நிபந்தனைகளும் இன்று நமக்கு மூன்று பாடங்கள்.

முதலாவது, நாள். விஸா செல்லுபடியாகும் காலம் வேறு. ஒரு தடவை சென்றால் தங்க அனுமதிக்கப்படும் நாட்கள் வேறு. ஓராண்டு விஸா கையில் இருப்பதால் ஓராண்டும் தங்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. தங்கும் நாட்களின் கணக்கை முதலிலேயே விசாரித்துக் குறித்து வையுங்கள். கெடு தாண்டினால் அபராதம் உண்டு. மறுபடி நுழையத் தடையும் வரலாம். அழைத்த மகனின் வேலைக்கும் அது இடைஞ்சல். விஸிட் விஸாவில் சென்று சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் வாக்கு மீறுவதே.

இரண்டாவது, பெட்டி. வாளை உறையிலிடச் சொன்னது போல, எதைக் கொண்டு வரலாம், எது கூடாது என்பதும் நிபந்தனையே. நம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அங்கே போதைப்பொருள் வகையில் தடுக்கப்பட்டது. தனியாகவும் வேண்டாம், மசாலாவில் கலந்தும் வேண்டாம். சில இருமல் மருந்துகளும், தூக்க மாத்திரைகளும், வலி மாத்திரைகளும் அப்படியே. உங்கள் மருந்துக்கு அங்கே அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, டாக்டரின் சீட்டுடன், வேண்டிய அளவு மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

"என் மகனிடம் கொடுத்துவிடுங்கள்" என்று பக்கத்து வீட்டார் பொட்டலம் தந்தால், அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். அது சந்தேகப்படுவது அன்று; அமானிதத்தைத் தெரிந்து சுமப்பது. போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனைகூட விதிக்கப்படுகிறது. பிரிக்கச் சம்மதியாதவரின் பொட்டலத்தை ஸலாம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

போன இடத்தில் அன்றாடம் கவனிக்க வேண்டியவை சில. மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கும் நிய்யத்துடன் சென்றவருக்கு, அங்கே போய்ச் சேர்ந்த பின் கஸ்ருத் தொழுகை இல்லை. போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத்து வைத்தாலே ஷாஃபிஈ மத்ஹபில் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள். பிறரை, குறிப்பாகப் பெண்களை, அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். ஆம்புலன்ஸ் எண் 997. பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

மூன்றாவது, ஹஜ். மனதை மிகவும் சோதிப்பது இதுவே. ஜித்தாவில் மகன் இருக்கிறான். மக்கா சுமார் 80 கிலோ மீட்டர்தான். ஆயுளெல்லாம் ஏங்கிய வாப்பா வந்திருக்கிறார். "அல்லாஹ்வின் வீட்டுக்குப் போக மனிதனிடம் அனுமதியா?" என்று யாரோ தூண்டிவிடுகிறார்.

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் மவுத்தானார்கள். அவர்களில் நூற்றுக்கு 83 பேர் அனுமதியின்றி வந்தவர்கள், தங்கக் கூடாரமோ நிழலோ இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என ஸவூதி அரசு அறிவித்தது. அல்லாஹ் அவர்களை மன்னிப்பானாக! அனுமதி என்பது வெறும் தாள் அன்று. மினாவின் கூடாரமும், பஸ்ஸும், மருத்துவமும் அந்தக் கணக்கை வைத்தே ஏற்பாடாகின்றன.

2025-ஆம் ஆண்டு துல்கஅதா முதல் நாளிலிருந்து துல்ஹஜ் 14 வரை விஸிட் விஸாவினர் மக்காவினுள் நுழையவே தடை இருந்தது. மீறி ஹஜ் செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரையும், ஏற்றிச் சென்று இடம் கொடுப்போருக்கு 1,00,000 ரியால் வரையும் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. வாப்பாவின் ஆசையை நிறைவேற்றப் போய் மகனின் பிழைப்பே பறிபோகலாம்.

ஹஜ், சக்தி பெற்றவருக்கே பர்ளு. பொருளும் உடல்நலமும் மட்டுமல்ல, வழியில் அச்சமின்மையும் அந்தச் சக்தியில் அடங்கும் என்பது ஃபிக்ஹின் சட்டம். ஆகவே அனுமதி கிடைக்காத வாப்பா பர்ளை விட்டவர் ஆகமாட்டார். உம்ராவுக்கு உரிய காலத்தில், உரிய அனுமதியுடன் அவரை அழைத்துச் செல்லுங்கள். ஹஜ்ஜுக்கு ஊரிலிருந்து முறைப்படி மனுச் செய்யுங்கள்.

ஹுதைபிய்யாவில் திரும்பியவர்கள் தோற்றவர்கள் அல்லர். அந்தத் திரும்புதலையே அல்லாஹுத் தஆலா தெளிவான வெற்றி என்றான். சபர் செல்லும் நம் மக்கள் அனைவரையும் வாக்குப் பிறழாதவர்களாகவும், நலமுடன் வீடு திரும்புகிறவர்களாகவும் அவன் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.