ஈசலைத் தின்பது யார்?

ஒன்றைத் தின்னக்கூடாது என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம்? அந்த உயிர் பாவம் என்றா, கடவுள் விலக்கினார் என்றா, இல்லை அதைத் தின்கிறவர்களோடு நம்மைச் சேர்க்காதீர்கள் என்றா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க, கொங்கு நாட்டில் ஈசல் ஒரு நல்ல உதாரணம்.

மழை விட்ட அந்தியில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கு வைத்துப் பிடித்து, சிறகு போக முறத்தில் புடைத்து, வறுத்து, பொரியரிசியோடு கலந்து தின்பார்கள். என் அமுச்சிக்கு அது மழை தந்த பண்டம். "மழ குடுக்கறத வேண்டாங்கலாமா கண்ணு?" என்பார். இன்று அதே வீட்டில் பேச்சை எடுத்தால், "அய்யே, அதையெல்லாம் இப்ப யாருங்க திங்கறாங்க?" என்று பதில் வருகிறது. அந்த 'யாரு'வைக் கவனியுங்கள். ஈசலுக்கு வலிக்குமே என்று ஒருவரும் சொல்லவில்லை.

யூதர்களின் வேதம் பூச்சியைப் பற்றி நேராகவே பேசுகிறது. லேவியராகமம் 11ஆம் அதிகாரம் சிறகுள்ள பூச்சிகளை விலக்கிவிட்டு, தத்துவதற்குக் கால் உள்ள நான்கு வகை வெட்டுக்கிளிகளை மட்டும் அனுமதிக்கிறது. காரணம், தின்பவனின் பரிசுத்தம். கீரையை ஒவ்வோர் இலையாகப் பார்ப்பதும் மாவைச் சலிப்பதும் அதற்காகத்தான். ஆனால் அந்த நான்கு பெயர்கள் எந்தப் பூச்சிகளைக் குறித்தன என்பது ஐரோப்பிய யூதர்களுக்கு மறந்துபோனது; அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். ஏமன் யூதர்கள் தலைமுறைகளாகத் தின்றுவந்ததால் 'இதுதான் அது' என்று காட்ட முடிந்தது. ஏட்டில் அனுமதி இருந்தால் மட்டும் போதவில்லை, தின்றவர்கள் இருக்க வேண்டியிருந்தது.

சமணர்களும் தண்ணீரை வடிகட்டினார்கள், பொழுது சாயுமுன் உண்டார்கள். விஜயமங்கலத்தில் இன்றும் அவர்களுடைய பழைய கோயில் நிற்கிறது. செயல் ஏறக்குறைய ஒன்றுதான், கவலை வேறு. யூதர் தின்பவனை நினைத்தார், சமணர் பூச்சியை நினைத்தார். இரண்டுக்கும் ஒரு விலை உண்டு, அதைத் தினமும் கொடுத்தார்கள்.

நம்முடைய 'அய்யே'வுக்கு என்ன விலை? பட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பட்டுநூல், கூட்டுக்குள் இருக்கும் உயிரை வெப்பத்தில் கொன்ற பிறகே எடுக்கப்படுகிறது. சிறுமுகைப் பட்டு உடுத்தி, சைவப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஈசலுக்கு முகம் சுளிக்க முடிகிறதென்றால், அந்தச் சுளிப்பில் உயிரிரக்கம் இல்லை. கடவுளும் இல்லை. மிஞ்சுவது அந்த 'யாரு' மட்டும்தான்: காட்டு வேலைக்குப் போகிறவர்கள், நாம் தாண்டி வந்துவிட்டதாக நினைக்கிறவர்கள்.

அருவருப்பைக் கட்டளையிட்டு மாற்ற முடியாது என்பது சரிதான். எனக்கும் இப்போது ஈசல் தொண்டையில் இறங்காது. அது என் நாக்கின் பழக்கம். அதை வைத்துக்கொண்டு இன்னொருவர் தட்டை அளக்க எனக்கு உரிமை வந்துவிடாது.

புறநானூற்று 119ஆம் பாட்டில் கபிலர் பாரியின் நாட்டு வளத்தைச் சொல்ல, ஈசலை மோரில் புளிக்கச் சமைத்த உணவைத்தான் காட்டுகிறார். எந்தப் புற்றில், எந்த அந்தியில் ஈசல் கிளம்பும் என்று தெரிந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், நம்மிடமும் பாட்டு மட்டும் மிஞ்சும்.