தேங்காய்ப்பாலும் உறுமியும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தஞ்சோங் காராங்கில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. கதிர் முற்றும் நாள்களில் வயலோரம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். வாசம் தானாக உள்ளே வரும்.

அதே மாவட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அந்தத் தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! நம் பாட்டிகளின் கையும் தென்னையைத்தான் நம்பியது. கெட்டித் தேங்காய்ப்பாலை இரும்புச் சட்டியில் ஊற்றி, விறகைத் தணித்துக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். பால் திரியும். சலசலப்பு மெல்ல அடங்கும். எண்ணெய் தெளிந்து மேலே நிற்க, அடியில் கசடு சிவக்கும். அதில் சீனி தூவி உள்ளங்கையில் வாங்கித் தின்ற ருசியை எந்தக் கடையும் விற்கவில்லை.

தோட்டத்துத் திருவிழா இரவில் உறுமி மேளமும் முழங்கும். ஒரு பக்கத் தோலை அடித்து, மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, அந்த ஓசை நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கும். லயத்து வீடுகள் பல இன்று இல்லை. உறுமி இருக்கிறது, இளைஞர்கள் அடிக்கிறார்கள்.

எண்ணெய் காய்ச்சத் தெரிந்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிறு நாலு தேங்காயோடு போய் அடுப்பருகே உட்காருங்கள்.