ஆய்ந்து முடிக்கும் நேரம்

உடம்புக்கும் பூமிக்கும் நல்லதாக உண்ண எனக்கு நானே சில சவால்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். இனி வாரத்தில் பாதி நாள் கீரை என்று முடிவெடுப்பது எளிது. ஆய்வதற்கு ஆள் வேண்டும். சிறுகீரைக் கட்டை அவிழ்த்தால் வேரில் மண், நடுவில் புல், பூச்சி அரித்த இலை, அடியில் முற்றிப் பூத்த தண்டு. முற்றல் எது, இளசு எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒடித்துத்தான் பார்க்க வேண்டும். சட்டென்று ஒடிந்தால் சட்டிக்கு, நார் இழுத்தால் தொட்டிச் செடிக்கு. அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து ஆய்ந்த கட்டைக் கடைந்தால் வருவது ஒரு கிண்ணம்.

நாளொன்றுக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 400 கிராமை யார் நறுக்குவது, யார் ஆய்வது என்பது அந்தக் கணக்கில் இல்லை. நம் வீடுகளில் அதை யாரும் கேட்பதும் இல்லை. கேட்காமலே ஒருத்தி முறத்தோடு உட்கார்ந்துவிடுவாள். ஆகவே எனக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: கீரை வேண்டும் என்று சொல்கிறவர் ஆய வேண்டும். இந்த விதி வந்தபின் வீட்டில் நல்லுணவைப் பற்றிய பேச்சு கணிசமாகக் குறைந்தது.

*

முருங்கைக்கீரை கொஞ்சம் இரக்கமுள்ளது. கொத்துகளை இரவே துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டால் காலையில் உதறும்போது பெரும்பாலான இலை தானே உதிர்ந்துவிடும். வாழைப்பூவிடம் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு மடலாக உரித்து, ஒவ்வொரு பூவாக எடுத்து, நடுவில் விறைத்து நிற்கும் கள்ளனை உருவி, அடியில் ஒட்டிய மெல்லிய செதிலையும் கிள்ளிப் போட வேண்டும். விரலில் எண்ணெய் தடவாவிட்டால் கறை இரண்டு நாளைக்குப் போகாது. நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும்.

முதல் சில மடல்களுக்கு மனம் கைபேசியிடம் ஓடுகிறது. பிறகு யார் மீதோ இருக்கும் பழைய கோபத்திடம். அதன்பின் ஒரு கட்டத்தில் கள்ளன் மட்டுமே இருக்கிறான். உருவுவதும் போடுவதும் மட்டும் நடக்கிறது. இதைத் தியானம் என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கிறது. ஆனால் திருமணமான நாள் முதல் வேறு வழியில்லாமல் இதைச் செய்தவளிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். விரும்பி உட்கார்கிறவனுக்குத்தான் அது தியானம்.

*

ஒரு காயில் குப்பைக்குப் போவது எதுவும் இருக்கக் கூடாது. இது அடுத்த சவால். பீர்க்கங்காயின் நரம்பை மட்டும் சீவிவிட்டுத் தோலை உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். சௌசௌத் தோலுக்கும் அதே வழி. வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வதக்கலாம். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு ஆகும். முள்ளங்கியோடு வரும் இலையைக் கடைக்காரரே ஒடித்துப் போட்டுவிடுகிறார். கேட்டால் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தருகிறார். ஆனால் பூச்சிமருந்து முதலில் படிவதும் தோலில்தான். அதனால் தோலைத் தின்னத் தொடங்கியவன் இந்தக் காய் எங்கே விளைந்தது, என்ன தெளித்தார்கள் என்று விசாரிக்கவும் தொடங்குகிறான். எங்கள் காய்க்காரருக்கு இந்த விசாரணை பிடிப்பதில்லை.

*

ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தீர்ப்பு இருந்தது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டும், குழம்பைச் சுண்டக் காய்ச்ச வேண்டும், மற்றது கழுநீர்ப் பானைக்குப் போய் அங்கிருந்து மாட்டுக்குப் போகும். இப்போது சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மூடி உள்ளே தள்ளிவிட்டால் தீர்ப்பு தள்ளிப்போகிறது. நான்காம் நாள் அதைக் கொட்டும்போது மனசாட்சி உறுத்துவதில்லை, கெட்டுப்போனதைத்தானே கொட்டுகிறோம்! 2022-இல் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. கல்யாண மண்டபங்களைத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது சங்கடமான செய்தி. இங்கே என் சவால் சிறியது: இரவில் ஃபிரிட்ஜைத் திறந்து, பழைய கிண்ணங்களை முன்வரிசைக்கு நகர்த்திவிட்டுப் படுக்கிறேன். வேறு எதுவும் செய்வதில்லை. அதற்கே காலையில் தோசை மாவுக்குள் முந்தாநாள் பொரியல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

*

இன்னொரு சவால்: இரவுச் சோற்றுக்குப் பதில் சாமை. தண்ணீர் தேங்கிய நெல் வயலின் சேற்றில், காற்றுப் புகாத இடத்தில், நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் மீத்தேனை உண்டாக்குகின்றன. சாமையோ மேட்டு நிலத்தில் மழையை மட்டும் நம்பி விளைந்துவிடும். கொல்லிமலை போன்ற இடங்களில் அது இன்றும் சாப்பாட்டுத் தானியம். 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் அழகழகான பொட்டலங்கள் வந்தன. விலை அரிசியைவிட அதிகம்.

என் பாட்டி கரிசல்காட்டுக்காரி. அவள் சிறுமியாக இருந்தபோது தினப்படிக்குக் கம்பஞ்சோறு, சோளச்சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், காய்ச்சல் வந்தால் கஞ்சியாகவும். அந்தத் தலைமுறைக்கு வெள்ளைச் சோறு என்பது வயிற்றுக்கு மட்டுமல்ல, மரியாதைக்கும்தான். தமிழக ரேஷன் கடைகளில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்கி முதன்முறையாக மூன்று வேளையும் நிறையச் சோறுண்ட வீட்டில் போய், அரிசியைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தச் சவாலை என் தட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். சாமையைக் களைந்து, கல் அரித்து, ஊறவைத்துப் பொங்க வேண்டும். அவசரத்தில் அரித்தால் பல்லில் கடிபடும்.

*

புரட்டாசியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கறி, மீன் தொடுவதில்லை. பெருமாளுக்காக விடுகிறார்கள், பூமிக்காக அல்ல. ஆனால் கோழி விலை இறங்குகிறது, கடைக்காரர் ஈ ஓட்டுகிறார், கத்தரிக்காய்க்குக் கிராக்கி வருகிறது. யாருக்கும் மன உறுதி தேவைப்படுவதில்லை. பக்கத்து வீட்டிலும் சாம்பார் கொதிக்கிறது, அவ்வளவுதான். தனியாக ஒருவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் சவால்கள் மூன்றாம் வாரம் தளர்வதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவனுக்குப் பஞ்சாங்கம் இல்லை, கூட விடுகிற தெரு இல்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு அதே தெரு கறிக்கடை வரிசையில் நிற்கும். நானும் நிற்பேன். அரைக் கிலோவுக்குப் பதில் கால் கிலோ வாங்கி, குறைந்ததற்கு முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பு வைப்பதாக வீட்டில் பேசியிருக்கிறோம். எலும்பு கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும்.